வேலை போனா வைத்தியமும் போகணுமா?

"சார், பாலிசி இன்ஆக்டிவ்னு காட்டுது."

ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சொல்கிறார். எதிரே நிற்பவருக்கு வயது 53. பக்கத்து நாற்காலியில் மனைவி. பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சர்க்கரை வேறு இருக்கிறது.

"போன மாசம் வந்து கேட்டப்போ கார்டு இருக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"போன மாசம் நீங்க வேலையில இருந்தீங்க சார்."

அவ்வளவுதான். ஒரே வரியில் பைசல்!

இவருக்குப் பெயர் வேண்டாம். ஏனென்றால் இவர் ஒரு ஆள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுபவராக இருக்கலாம். கிண்டியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவராக இருக்கலாம். பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பையனாகவும் இருக்கலாம்.

ஆட்குறைப்பு என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் கதை ஒன்றுதான். பி.எப். என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். கிராஜுவிட்டி எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். லீவு சம்பளம் 3 நாள் குறைந்தால் சண்டை போடுகிறார்கள்.

மெடிக்ளெய்ம் கார்டு என்ன ஆச்சு என்று கேட்பவர் யார்? நூற்றில் ஒருவர் இருந்தால் அதிசயம்!

ஆஸ்பத்திரி கவுண்டரில் நிற்கும்போதுதான் அந்த ஞாபகம் வருகிறது. அப்போது வந்து என்ன பிரயோஜனம்?

இரவல் சேலை

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. ஆபீஸ் மெடிக்ளெய்ம் சங்கதியும் அப்படித்தான்.

கார்டில் தொழிலாளியின் பெயர் இருக்கிறது. மனைவி பெயர் இருக்கிறது. பிள்ளைகள் பெயர் இருக்கிறது. சில கம்பெனிகளில் வயதான அப்பா, அம்மா பெயர் கூட இருக்கிறது. ஆனால் பாலிசி யாருடையது? கம்பெனியுடையது. வாங்கியது கம்பெனி. பிரீமியம் கட்டியது கம்பெனி. தொழிலாளி அதில் ஒரு உறுப்பினர். அவ்வளவே.

வேலையை விட்டதும் கம்பெனி என்ன செய்கிறது? உறுப்பினர் பட்டியலில் இருந்து அவர் பெயரை அடித்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புகிறது. வழக்கமாக கடைசி வேலை நாளோடு பாதுகாப்பு முடிந்து போகிறது. வருஷத்துக்கு முன்கூட்டியே கட்டிய பிரீமியத்தில் மிச்ச மாதங்களுக்கான பங்கு கம்பெனி கணக்கிலேயே வரவு வைக்கப்படுவதும் வழக்கம்.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் அப்படி. ஆனால் ஒப்பந்தத்தைப் படித்தவர் யார்?

"ஆபீஸ்ல 5 லட்சம் கவர் இருக்கு, தனியா எதுக்கு பாலிசி?" என்று ஏஜெண்டைத் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர்! 30 வயதில் அப்படிச் சொன்னார்கள். 40 வயதிலும் சொன்னார்கள். 53 வயதில் சேலையைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். கந்தையும் கையில் இல்லை!

புதுசா எடுத்தா என்ன?

"அதனால என்ன சார், வெளியில புதுசா ஒரு பாலிசி எடுத்துக்கிட்டா போச்சு" என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள்.

போகாது. அங்கேதான் கண்டம் காத்திருக்கிறது.

ஆபீஸ் பாலிசியில் சேர்ந்த முதல் நாளே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றுக்கும் பணம் கிடைப்பது பெரும்பாலான கம்பெனிகளில் வழக்கம். தனி ஆள் எடுக்கும் பாலிசியில் அப்படி இல்லை. விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் பணம் கிடையாது. கண் புரை, குடல் இறக்கம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்கெல்லாம் பெரும்பாலும் 2 வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே இருக்கிற நோய் என்றால் 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024 வரை இது 4 வருஷமாக இருந்தது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஆண்டில்தான் 36 மாதமாகக் குறைத்தது.

சர்க்கரை 3 வருஷம் காத்திருக்குமா? பித்தப்பையில் இருக்கிற கல் "பாலிசி முதிரட்டும், அப்புறம் வலிக்கிறேன்" என்று சொல்லுமா?

வேலை போன 53 வயது மனிதருக்கு இதுதான் நிலைமை. சம்பளமும் இல்லை. கார்டும் இல்லை. புது பாலிசி எடுத்தாலும் உடனே உதவாது. எப்போது பாதுகாப்பு அதிகம் தேவையோ, அப்போதுதான் அது கையை விட்டுப் போகிறது.

நடுவில் மாட்டியவர்

அரசாங்கத் திட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. யாருக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மத்திய அரசு ஊழியருக்கு சி.ஜி.எச்.எஸ். இருக்கிறது. 1954-ல் ஆரம்பித்த திட்டம். ஓய்வு பெற்ற பிறகும் சந்தா கட்டி கார்டைத் தொடரலாம். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கும் தனி மருத்துவக் காப்பீடு இருக்கிறது. மாதா மாதம் ஓய்வூதியத்தில் இருந்து பிடித்தம் போகும். வேலை முடிந்தாலும் வைத்தியம் முடிவதில்லை.

ஏழைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10 ஆயிரம்.

தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. அதற்குச் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மாதம் 30 ஆயிரம், 35 ஆயிரம் வாங்குகிற தனியார் கம்பெனி குமாஸ்தா எதில் வருவார்? எதிலும் வரமாட்டார். இ.எஸ்.ஐ.க்கு அவர் பணக்காரர். முதலமைச்சர் திட்டத்துக்கும் அவர் பணக்காரர். ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும் அவர் ஏழை!

அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. ஆபீஸ் கார்டு. அதுவும் போச்சு.

உரிமை இருக்கு, ஊருக்குத் தெரியாது

இவ்வளவும் படித்துவிட்டு யாரும் மனம் தளர வேண்டாம். வழி இருக்கிறது. சட்டப்படியே இருக்கிறது. அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை என்பதுதான் இங்கே குற்றச்சாட்டு.

குரூப் பாலிசியில் இருந்தவர் வேலையை விடும்போது, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசிக்கோ, குடும்ப பாலிசிக்கோ மாறிக்கொள்ளலாம். இதற்கு 'மைக்ரேஷன்' என்று பெயர். ஒழுங்குமுறை ஆணையத்தின் 2016-ம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. 2020-ல் தனி வழிகாட்டுதலும் வந்தது. 2024-ல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் இந்த வசதியை எடுத்துவிடவில்லை.

இதில் என்ன லாபம்? குரூப் பாலிசியில் இருந்த வருஷங்கள் வீணாகாது. 11 வருஷம் ஆபீஸ் பாலிசியில் இருந்தவருக்கு 2 வருஷக் காத்திருப்பும் 3 வருஷக் காத்திருப்பும் ஏற்கெனவே முடிந்த கணக்கு. ஒரு வருஷம் மட்டும் இருந்தவர் மிச்ச காலத்துக்குக் காத்திருந்தால் போதும்.

ஆனால் பழைய பாலிசியில் எவ்வளவு தொகைக்குக் கவர் இருந்ததோ, அந்த அளவுக்குத்தான் இந்தச் சலுகை. 3 லட்சம் இருந்ததை 10 லட்சமாக உயர்த்திக் கேட்டால், கூடுதல் 7 லட்சத்துக்கு முதலில் இருந்து காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி கண்ணை மூடிக்கொண்டு பாலிசி கொடுத்துவிடாது. வயதைப் பார்க்கும், நோயைப் பார்க்கும், மெடிக்கல் டெஸ்ட் கேட்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம். மாறுவதற்கு விண்ணப்பிக்கும் உரிமைதான் கையில் இருக்கிறது. ஆனாலும் வெறுங்கையோடு புதிதாகப் போய் நிற்பதற்கும், 11 வருஷக் கணக்கோடு போய் நிற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி பிடிக்கவில்லையா? அடுத்த வருஷம் புதுப்பிக்கும் சமயத்தில் வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். அது 'போர்ட்' செய்வது. செல்போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுகிறோமே, அதே மாதிரி.

இந்த ஒரு விஷயத்தை நம்ம கணக்கருக்குக் கடைசி நாளில் யாராவது சொல்லியிருந்தால்?

அவருடைய கடைசி நாள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"சார், ஐ.டி. கார்டு?"

"இந்தாங்க."

"லேப்டாப்?"

"கொடுத்துட்டேன்."

"லாக்கர் சாவி?"

"இந்தாங்க தம்பி."

"இங்க ஒரு கையெழுத்து. இங்க ஒண்ணு. ஆல் தி பெஸ்ட் சார்!"

வாங்க வேண்டியதை எல்லாம் பட்டியல் போட்டு வாங்கிவிட்டார்கள். கொடுக்க வேண்டிய ஒரு தகவலைக் கொடுக்கவில்லை. எச்.ஆர். பையன் கெட்டவன் இல்லை. அவன் கையில் இருக்கும் பட்டியலில் அந்த வரி இல்லை. பட்டியல் போட்டவர் யார் என்பதுதான் கேள்வி.

120 ரூபாய் ரகசியம்

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கும் இதே கதிதான். உரிமை இருக்கிறது. தெரிந்தவர் குறைவு.

இ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், அதற்கான பலன் பின்னாடி வருகிற 6 மாதத்தில் கிடைக்கும்.

அதாவது ஏப்ரல் முதல் உழைத்துவிட்டு செப்டம்பர் கடைசியில் வேலையை இழந்தவர் "கார்டு செத்துப் போச்சு" என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. அந்தச் சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் 30 வரை ஓடுகிறது. வேலை போன பிறகும் அயனாவரம் ஆஸ்பத்திரிக்கோ, கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்கோ போகலாம்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை. 5 வருஷத்துக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயது வந்தோ, விருப்ப ஓய்விலோ விலகியவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் போதும். கணவன், மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். இ.எஸ்.ஐ.யின் 1950-ம் வருஷ விதிகளிலேயே இந்த ஏற்பாடு சேர்ந்திருக்கிறது.

மாதத்துக்கு 10 ரூபாய்! இன்றைக்கு ஒரு டீ கூட அந்த விலைக்குக் கிடைக்காத கடைகள் இருக்கின்றன.

30 வருஷம் சந்தா கட்டிவிட்டு, ரிட்டயர் ஆனதும் கார்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கேட்டால் "இ.எஸ்.ஐ. எல்லாம் வேலையில இருக்கிற வரைக்கும்தானே" என்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னவர் யாரும் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் இடத்துக்கு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. எனவே பக்கத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பணம் கட்டுவது நல்லது. கேட்பதற்குக் காசு இல்லை.

அமெரிக்கா பாம்பு

வேலை போனவனுக்கு வைத்தியம் தொடரணும் என்று சொன்னால், "இதெல்லாம் எந்த ஊர்ல சார் நடக்கும்?" என்று சில முதலாளிகள் சிரிக்கிறார்கள். முதலாளித்துவத்துக்கே தலைநகரமான அமெரிக்காவில் நடக்கிறது. 1986-ல் இருந்து!

அங்கே அந்தச் சட்டத்தின் சுருக்கப் பெயர் 'கோப்ரா'. நல்ல பாம்பு என்று அர்த்தம் வரும். ரீகன் ஜனாதிபதியாக இருந்தபோது கையெழுத்தானது.

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனி என்றால், வேலையை விட்டவரும் குடும்பமும் அதே ஆபீஸ் பாலிசியில் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். அவருக்கு நோட்டீஸ் அனுப்பியே தீர வேண்டும். வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய 60 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும்.

இனாம் இல்லை. முழு பிரீமியத்தையும் தொழிலாளியே கட்ட வேண்டும். நிர்வாகச் செலவு என்று மேலே 2 சதவீதம் வேறு. மொத்தம் 102 சதவீதம். இந்த இடத்தில்தான் பாம்பு கடிக்கிறது! அதுவரை பெரும் பங்கை முதலாளி கட்டியதால் பிரீமியத்தின் பாரம் தெரியவில்லை. சம்பளம் நின்ற மாதத்தில் முழு பாரமும் தலையில் இறங்குகிறது. கட்ட முடியாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கம்பெனியே மொத்தமாக மூடிவிட்டு பாலிசியையும் கைவிட்டால் தொடர்வதற்கு ஒன்றும் இல்லை.

கொரோனா காலத்தில் அந்த நாட்டு அரசாங்கமே இதை உணர்ந்தது. 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வேலை இழந்தவர்களின் கோப்ரா பிரீமியத்தைக் கட்ட அரசு பணம் ஒதுக்கியது.

ஆக அமெரிக்கா ஏற்பாடு சொர்க்கம் இல்லை. அதை அப்படியே இங்கே கொண்டு வந்து வைக்கணும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. வேலை போகிறவனிடம் "உனக்கு இந்த உரிமை இருக்கிறது" என்று எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒன்றுக்கு நம் ஊரில் என்ன செலவு? ஒரு தாள். ஒரு பிரிண்ட்.

கம்பெனிகள் சொல்வது

கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் கேட்க வேண்டும்.

"வேலையில இல்லாத ஆளுக்கு நாங்க எதுக்கு பிரீமியம் கட்டணும்? அவர் பெரிய கிளெய்ம் போட்டா, அடுத்த வருஷம் எங்க மொத்த பிரீமியமும் ஏறும். வேலையில இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறதைக் குறைக்க வேண்டி வரும்."

இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்வது வேறு: "போறப்போ எல்லாரும் பாலிசியைத் தொடர மாட்டாங்க. நோய் இருக்கிறவங்க மட்டும்தான் தொடருவாங்க. ஆரோக்கியமா இருக்கிறவங்க காசை மிச்சம் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நஷ்டம் யாருக்கு?"

இரண்டும் பொய் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பதில் இருக்கிறது. கம்பெனி பணம் கட்ட வேண்டாம், விலகுபவரே கட்டட்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி காலம் பூராவும் கதவைத் திறந்து வைக்க வேண்டாம், 60 நாள் கெடு வைக்கட்டும். அதற்குள் முடிவு செய்யாதவர் பிறகு வந்து புலம்ப முடியாது.

ஆலை மூடுவது இந்த ஊருக்குப் புதிது இல்லை. பெரம்பூர் பின்னி மில் சங்கு நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. 2022-ல் மறைமலை நகர் போர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றது. ஒவ்வொரு தடவையும் நஷ்டஈடு பற்றிப் பேச்சு நடந்தது. அடுத்த தடவை எந்தச் சங்கம் பேச உட்கார்ந்தாலும், நஷ்டஈட்டுத் தொகைக்குப் பக்கத்தில் மெடிக்கல் கார்டையும் எழுதட்டும்.

என்ன செய்யணும்?

கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: ரிலீவிங் லெட்டரோடு ஒரு தாள் கட்டாயம் கொடுக்க வேண்டும். பாலிசி நம்பர், இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயர், எத்தனை வருஷம் பாலிசியில் இருந்தார், எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதியோடு முடிகிறது, தனி பாலிசிக்கு மாற யாரிடம் எழுத வேண்டும். இவ்வளவும் தமிழில்.

இரண்டு: கடைசி நாள் ராத்திரி 12 மணிக்கே கார்டைச் சாகடிக்கக் கூடாது. 60 நாளாவது ஓட வேண்டும். வருஷத்துக்கான பிரீமியம்தான் முன்கூட்டியே கட்டியாகிவிட்டதே! அந்த 60 நாளுக்கான பங்கை விலகுபவரிடமே வாங்கிக்கொண்டாலும் தப்பில்லை.

மூன்று: விலகுபவரின் மாற்ற விண்ணப்பத்தை நிராகரித்தால், ஏன் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். வாய் வார்த்தையில் "முடியாது சார்" என்று போனை வைக்கக் கூடாது.

புதுத் தொழிலாளர் சட்டத்தில், வேலையில் இருந்து விலகியவருக்கும் விலக்கப்பட்டவருக்கும் சம்பளப் பாக்கியை 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள். நல்லது. சம்பளத்துக்குக் கெடு வைக்க முடிகிறது என்றால், ஒரு தாளுக்குக் கெடு வைக்க முடியாதா?

வேலையில இருக்கிறவங்க கவனத்துக்கு

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை சும்மா இருக்க முடியாது. ராஜினாமா லெட்டர் கொடுக்கும் முன்பே சில வேலைகளை முடித்துவிட வேண்டும்.

எச்.ஆர். பிரிவுக்கு ஒரு ஈமெயில். "என் மெடிக்ளெய்ம் எந்தத் தேதியோடு முடிகிறது? தனி பாலிசிக்கு மாற என்ன செய்ய வேண்டும்?" பதில் எழுத்தில் வர வேண்டும். கேண்டீனில் நின்று கேட்ட பதில் எதற்கும் உதவாது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பம். கடைசி நாளுக்கு முன்பே, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். நடுவில் இடைவெளி விழுந்தால் சேர்த்து வைத்த வருஷங்கள் கைநழுவிப் போகலாம்.

பழைய கார்டுகள். கம்பெனிகள் அடிக்கடி இன்ஷூரன்ஸ் கம்பெனியை மாற்றுகின்றன. ஒவ்வொரு வருஷத்து ஈ-கார்டையும், சர்டிபிகேட்டையும் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் ஈமெயிலில் வைத்தால், கடைசி நாளோடு அதுவும் பூட்டிக்கொள்ளும்!

நோயை மறைக்கக் கூடாது. சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்று எழுத வேண்டும். மறைத்துவிட்டு மாட்டிக்கொண்டால் பாலிசியே ரத்தாகும்.

முடிந்தவர்கள், ஆபீஸ் கார்டு இருக்கும்போதே சின்னதாக ஒரு சொந்தப் பாலிசி எடுத்து வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனி நபர், குடும்ப மெடிக்கல் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. இரவல் சேலை கட்டியிருக்கும்போதே சொந்தச் சேலைக்கு நெய்யக் கொடுப்பதுதான் புத்தி.

இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்தால் பயப்பட வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் நம்பர் 155255. கம்பெனி 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். சென்னையிலேயே ஆபீஸ் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையான வழக்கை விசாரிக்கலாம். கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம்.

ஒரே ஒரு தாள்

நம்ம கணக்கருக்கு இப்போது என்ன வழி? நகையை அடகு வைக்கலாம். பி.எப். பணத்தைத் தொடலாம். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை எடுக்கலாம். ஆபரேஷன் நடந்துவிடும். கல் வெளியே வந்துவிடும். கடன் உள்ளே வந்துவிடும்.

11 வருஷம் கம்பெனிக் கணக்கில் ஒரு பைசா பிசகாமல் எழுதியவர். தன் கணக்கில் ஒரு வரி விட்டுப்போனது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை.

கடைசி நாளில் சால்வை போர்த்துகிறார்கள். ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறார்கள். சேர்ந்து நின்று போட்டோ எடுக்கிறார்கள். எல்லாம் சரி.

அதோடு அந்த ஒரு தாளையும் கொடுத்து அனுப்பட்டும்.